உப்புப் போட்ட பெட்டி

அக்காவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. மீனுக்கு ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறவன் நான். ஒரு வருடம் அக்காவைப் பராமரித்த களைப்பும் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

அக்கா வங்காலையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். இடம்பெயர்ந்த நாட்களில் மரத்தடியிலும் கூடாரத்திலும் இருந்து படித்து, கொழும்பில் ஆராய்ச்சியாளரானார். மூளையில் ஒரு புரதம் ஒழுங்காக மடியாமல் கட்டிகட்டியாகச் சேரும்போது நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றனவாம். கை நடுக்கம் வருவது அதனாலாம். அது ஏன் பிழையாக மடிகிறது என்பதைத்தான் அக்கா கடைசிவரை தேடினார். ஊருக்கு வரும்போதெல்லாம், "பிள்ளை, மருந்து கண்டுபிடிச்சாச்சோ?" என்று கேட்பார்கள். "இல்லை, இன்னும் தேடுறம்" என்பார். கேட்டவர்களின் முகம் வாடும். அவருடைய முகமும் வாடும்.

பிறகு எங்கள் அப்பாவுக்கே கை நடுங்கத் தொடங்கியது. மருந்து தொடங்குமுன் எடுக்கும் இரத்தம்தான் ஆராய்ச்சிக்குப் பெறுமதியானது என்றார் அக்கா. வைத்தியரைக் கேட்டு மாத்திரையை ஒரு கிழமை தள்ளிவைத்தார்கள். சோற்றுக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் அப்பா, "பிள்ளையின்ர படிப்புக்குத்தானே, பொறுப்பம்" என்று பொறுத்தார். நான்தான் ஊட்டினேன். எடுத்த இரத்தத்தை உறையவைத்து, புகை விடும் உலர்பனி போட்ட பெட்டியில் அடைத்து, அக்கா நான் மீனுக்கு ஐஸ் போடும் வாடிக் கொட்டிலில் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, கொழும்புக்குக் கொண்டுபோக வான் வரும். குடுத்துவிடு. திறந்திடாதை."

அப்பாவுக்கு முதல் மாத்திரை அன்றே கொடுத்தாகிவிட்டது. இனி அப்படி ஒரு இரத்தம் எடுக்க வழியில்லை.

வான் ஓட்டியவர் முசலிப் பக்கத்து முஸ்லிம் அண்ணர் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம். ரயர் வெடித்து நாலு மணித்தியாலம் பிந்தினார். வெயில் ஏற ஏற எனக்குப் பயம் பிடித்தது. திறந்து பார்த்தேன். தண்ணீரே இல்லை, வெள்ளைக் கட்டிகள் புகைந்து புகைந்து சிறுத்திருந்தன. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஐஸ் குறைந்தால் மீன் பழுதாகும். மிச்சக் கட்டிகளைக் கொட்டிவிட்டு, பெட்டி நிறைய உடைத்த ஐஸ் போட்டு, குளிர் இன்னும் கூடட்டும் என்று இரண்டு கை உப்பும் தூவி மூடினேன். ஏற்றுமதிப் பாரை மீனுக்குக்கூட நான் அவ்வளவு கவனம் எடுத்ததில்லை. கொட்டிய கட்டிகளின் குளிருக்கு என் ஐஸ் கிட்டவும் நிற்காது என்பது எனக்குத் தெரியாது.

கொழும்பில் திறந்தபோது உறையவைத்த இரத்தம் எல்லாம் உருகியிருந்தது. "வழியில பழுதாப்போச்சு" என்று மட்டும் அக்கா சொன்னார். உறவினர் எல்லாரும் பிந்தி வந்த நானாவைத் திட்டினார்கள். அப்பா கண்மூடும்வரை திட்டினார். நான் வாய் திறக்கவில்லை.

போன வருடம் புற்றுநோயோடு அக்கா வீடு வந்தார். ஒருநாள் காலை கஞ்சி பருக்கும்போது பொறுக்கமுடியாமல், "அக்கா, அந்தப் பெட்டி..." என்று தொடங்கினேன்.

"உப்பு ஏன் போட்டனி?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"கொழும்பில திறந்தவுடனை உப்புத் தண்ணிதானே. உலர்பனி உருகித் தண்ணி ஆகாது. அப்பா உன்ர கையாலைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அந்த நேரத்தில உன்னைக் காட்டிக்குடுக்க மனம் வரேல்லை. ஆனா அந்த நானாவுக்கு நாங்கள் ரெண்டு பேரும் செய்தது பாவம். நீ சொல்லு தம்பி. எனக்கு இனி ஏலாது."

ஓம் என்றேன். ஆனால் அக்கா உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை.

அக்காவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கடைசி அருட்சாதனம் தந்த பங்குத்தந்தைக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும், செத்தவீட்டுக்குச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டன்று அந்த நானாவும் வந்திருந்தார். எங்கள் ஆட்கள் ஒருவரும் அவருக்கு இருக்க ஒரு கதிரை கொடுக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாசல் படலையடியில் நின்றுவிட்டு அப்படியே போனார்.

நானா, பெட்டியைத் திறந்தவன் நான். உங்களில் ஒரு பிழையும் இல்லை. திருப்பலி முடிந்ததும் இந்த மலரோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கதிரை தந்தால் இருப்பேன். தராவிட்டால் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்பேன்.

அக்காவின் தம்பி