மூலத்துடன் ஒப்பிடப்பட்டது

எங்கள் அலுவலகத்தில் கவனத்துக்கென்று ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. ‘மூலத்துடன் ஒப்பிடப்பட்டது’ என்று அது ஆங்கிலத்தில் சொல்லும். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். மற்றவர் நகலில் விரல் வைத்து வரிவரியாகத் தொடர வேண்டும். முடிந்ததும் இருவரும் சுருக்கொப்பம் போட்டு முத்திரை குத்துவோம். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அதன் பிறகு பிழை இருக்க முடியாது.

என்னோடு உட்கார்ந்து ஒப்பிட்டவன் என் வயதுக்காரனான ஒரு சிங்கள நண்பன். பௌத்தன். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களோடு பழகிப் பழகி அவர்கள் தமிழையே பேசுவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் ஒரு நிரந்தர வழக்கு நடந்தது. கவனம் என்றால் என்ன?

நான் சென்னையில் கல்லூரியில் சமஸ்கிருதம் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவன். தாரணை என்றால் மனத்தை ஓரிடத்தில் கட்டி நிறுத்துவது, ஏகாக்கிரம் என்றால் அது ஒரே முனையாவது என்று தொடங்கினால் சோறு ஆறிவிடும். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பாலிச் சொற்களை எடுப்பான். சதி என்பது உங்கள் ஸ்மிருதிதான். நினைவு என்றுதான் பொருள். எதிரில் இருப்பதை மறக்காமல் இருப்பதே கவனம். அதற்கும் முன்னால் மனசிகாரம் வேண்டும். ‘மனத்தில் செய்தல்.’ மனம் ஒரு பொருளின் பக்கம் முதலில் திரும்ப வேண்டும்.

“திரும்பாத மனசை நீ எங்க மச்சான் கட்டி நிறுத்துவாய்?” என்பான்.

நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, கை கழுவப் போய்விடுவேன்.

மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு முந்தின மாதங்கள் அவை. ஊரே குடியுரிமை விண்ணப்பப் பாரங்களோடு அலைந்தது. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்குக் காலையிலேயே ஆள் வந்துவிடும். எந்தப் பாரம், எத்தனை படம், யார் சாட்சி என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாகப்பட்டினத்தில் பிறந்த நான் என் பாரத்தை முறைப்படி கொடுத்து, அதிகாரியின் கேள்விகளுக்கு மலாயில் பதில் சொல்லி, உறுதிமொழியும் எடுத்து முடித்திருந்தேன். பாக்கி என் மனைவி மட்டும்.

அவளுக்கு அது பெரிய பயமாகிவிட்டது. மலாய்க் கேள்விகளில் தவறினால் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி எந்த விதியும் இல்லை என்று விதி எண்ணோடு விளக்கினேன். அவள் அன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு மாதம் மாலை தவறாமல் கேள்வி பதில் சொல்லிக்கொடுத்தேன். என் முன்னால் அவளுக்கு நா எழாது. வேலிக்கு அப்பால் இருந்த, தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மாளோடு மட்டும் அவர்களுடைய மலாயில் ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். வந்து மூன்று வருஷத்தில் இவ்வளவு பழகிவிட்டாளே என்று நானும் மெச்சிக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை அவளை வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். அவளுடைய பாரத்தை இரண்டு பிரதியாக நானே தட்டச்சு செய்து, அவள் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தேன். ஒப்பிட்டுவிடலாம் என்று நண்பனிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, நான் வாசித்தேன். பெயர். வயது. பிறந்த இடம், நாகப்பட்டினம்.

அவன் விரல் நின்றது. “இதை எதைப் பார்த்து அடிச்சனீ?”

“எதைப் பார்க்க வேண்டும்? எனக்குத் தெரியாதா?”

“மூலம் எங்க எண்டு கேக்கிறன். ஆர் சொன்னது?”

யாரும் சொன்னதாக நினைவில்லை. பெண் பார்த்தது நாகப்பட்டினத்தில், தாலி கட்டியது அங்கே, கப்பலேறியதும் அங்கே. மற்றதை நானே நிரப்பியிருந்தேன்.

“போய்க் கேட்டுட்டு வா, மச்சான். அது வரைக்கும் நான் சைன் வைக்க மாட்டன்.”

வீட்டுக்கு வந்தபோது அவள் வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் செட்டி அம்மாள் சமையல் வாசனைக்குப் பாண்டான் இலை பறித்துக்கொண்டிருந்தார்.

“நீ எங்கே பிறந்தாய்?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “என்னங்க, வெயில்ல வந்தீங்களா?”

“கேட்டதுக்குச் சொல்.”

“இங்கதான், பத்து பெரெண்டாம் பக்கத்து எஸ்டேட்ல. ஒம்பது வயசுலதான் எங்கப்பா ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு.”

“என்னிடம் சொல்லவே இல்லையே!”

“கப்பல்ல சொன்னேனே. பினாங்கு மலை தெரிஞ்சப்ப, இது நான் சின்னதுல பாத்த மலைன்னு. நீங்க எறங்குற ரூல்ஸ் படிச்சிட்டு இருந்தீங்க.”

வேலிக்கு அப்பாலிருந்து, “அடோய்! டியா ஒராங் சினி லா, என்சே!” என்று சிரிப்பு வந்தது. அவள் இந்த ஊர்க்காரி அல்லவா, ஐயா, என்று எனக்குத் தெரிவிக்கிறார். அவருக்கு முதல் மாதத்திலிருந்தே தெரியுமாம்.

“சூராட் பெரானாக் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். பிறந்த பத்திரத்தை மலாக்காவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“பெட்டியில அடியில இருக்கு.”

இருந்தது. ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. எஸ்டேட்டின் பெயரும் அவள் அப்பாவின் பெயரும் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. மலாக்காவில் பிறந்தவர்களுக்கு வேறு பாரம். கேள்வி பதில் கிடையாது. இந்தக் காகிதம் கையிலிருக்க, நான் அடித்த பாரம் அப்படியே போயிருந்தால், அவள் கையெழுத்தில் ஒரு பொய் வாக்குமூலமாகக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு எவனாவது ஒருவன் இரண்டையும் ஒப்பிட்டால், கப்பல் பயம் வெறும் பயமாக இருந்திருக்காது. விதி எண் எனக்குத் தெரியும்.

“கையெழுத்துப் போடும்போதாவது கேட்டிருக்கக் கூடாதா?”

“அது இங்கிலீஷ்ல இருந்திச்சி. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்.”

ஓய்வு பெறும் வரை முப்பது வருஷம் மேலதிகாரிகளிடம் வாங்கிய குறிப்பாணைகளில் எதுவும் இவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை.

வேலியோரம் திரும்பிப் போய் மிச்சத் துணியை உலர்த்திக்கொண்டே அவள் கேட்டாள். “அப்ப நான் இந்த ஊருக்காரியா?”

“ஆமாம்.”

“நீங்க?”

“நான் விண்ணப்பித்துச் சேர்ந்தவன்.”

அவள் சிரித்த சிரிப்பில், காரணம் புரியாமலே செட்டி அம்மாளும் சேர்ந்துகொண்டார். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

திங்கள் காலை புதுப் பாரத்தை நண்பனோடு ஒப்பிட்டேன். இந்த முறை அவன் பத்திரத்தை வாசித்தான். நான் விரல் வைத்துத் தொடர்ந்தேன். சுருக்கொப்பம் போட்டுவிட்டு, “மனசு திரும்பியிட்டுது போல” என்றான். வழக்கில் தோற்றதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு சொல்லப்படவில்லை என்றேன்.

குடியுரிமை அதிகாரி பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவள் முகம் வாடியிருந்தது.

“இப்ப என்ன குறை?”

“ரெண்டு மாசம் படிச்சேன். ஒண்ணு கூட கேக்கலியே.”

பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தோம். காஜா பேராங் வரைக்கும் எல்லாக் கேள்விகளையும் அவளே கேட்டு, எல்லாவற்றுக்கும் அவளே மலாயில் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் சொல்லிக்கொடுத்த மலாய் அல்ல, அவளுடைய மலாய். அதில் என் பாடப்புத்தகத்தில் இல்லாத சொற்கள் நிறைய இருந்தன. நான் எதையும் திருத்தவில்லை. கையில் கோப்பும் இல்லை, பத்திரிகையும் இல்லை. வீட்டுப் படியேறும்போது, “கேட்டீங்களா?” என்றாள். கடைசிப் பதிலைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். சரி என்று தலையசைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.