கங்கம்மா ஸ்டாப்

துளசிராமன் பஸ் ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடைசிப் பதினோரு வருடமாக வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதற்குக் காரணம் தன் கைத்திறமை இல்லை, கங்கம்மாதான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்.

ஆரம்பாக்கத்திலிருந்து தேர்வாய் கண்டிகைக்குப் போகிற கம்பெனி பஸ், நெடுஞ்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்து வயலோரமாக நிற்கும். அதுதான் கங்கம்மா ஸ்டாப். ஒரு வேப்பமரம், அதன் அடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த மூன்று கல், அவ்வளவே. தினமும் காலை ஆறரைக்குத் துளசிராமன் இறங்கி, செருப்பைக் கழற்றி, சூடம் ஏற்றுவார். அந்த இரண்டு நிமிடத்தில் நாற்பத்தோரு பெண்கள் டிபன் பாக்ஸும் அடையாள அட்டையுமாக ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, கம்பெனியில் போக்குவரத்துப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருந்த பரத் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் செல்போன், அதில் மேப். இப்படி உள்ளே வந்து போவதில் பன்னிரண்டு நிமிடம் வீண், டீசலும் வீண் என்றார். திங்கட்கிழமை முதல் பஸ் ஹைவேஸிலேயே நிற்கும், பெண்கள் அங்கே நடந்து வந்துவிட வேண்டியதுதான்.

அவருக்கு அது மேப்பில் ஒரு கோடு. அந்த இரண்டு கிலோமீட்டரில் ஒரு வீடு இல்லை, நடுவழியில் ஒயின்ஷாப் மட்டும் இருக்கிறது. நடந்து போய்த்தான் ஆகவேண்டும் என்றால் பாதி வீடுகளில், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டோடு இரு என்று சொல்லிவிடுவார்கள். வரிசையில் முதலில் நின்ற இளமதிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த ஸ்டாப்பில் முதன்முதலாக ஏறியவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது கம்பெனியில் ஒரு முழு உற்பத்தி லைனையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

சாமி இருக்கிற இடம், தாண்டிப் போகக்கூடாது என்றார் துளசிராமன். பரத்தும் பக்திமான்தான். கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்து ஒரு வழி சொன்னார். கற்களை ஹைவேஸுக்குக் கொண்டுபோய், கம்பெனி செலவிலேயே டைல்ஸ் போட்டு ஒரு கோயில் கட்டிவிடலாம். மகளிர் தினத்தன்று திறப்பு விழா. பெண் தெய்வம், பெண்கள் நாள், போட்டோவும் நன்றாக வரும்.

பேச்சுச் சத்தம் கேட்டுக் கூடியிருந்த ஊர் ஆம்பளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு ஏக்கர் நெல் விவசாயி குப்புராஜ், தன் டிராக்டரிலேயே கல்லை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று முந்திக்கொண்டார். உண்மையைச் சொல்வதானால் துளசிராமனுக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று, தன் சாமிக்கு ஒரு கூரை வந்ததே என்று. கோயில் கிடைத்த குஷியில் பஸ்ஸை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த நாற்பத்தோரு பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் வயலிலிருந்து குப்புராஜின் மனைவி மேலே ஏறி வந்தாள். களை பறித்த கை, முழங்கால் வரை சேறு. அவள் பெயரும் கங்கம்மாதான். அந்தப் பக்கத்தில் தெருவில் நின்று கங்கம்மா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், ஆகவே அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

"அது சாமி இல்ல நைனா," என்றாள் பரத்திடம். "நான் வச்ச கல்லு."

சொல்லிவிட்டுக் குனிந்து நடுக்கல்லைப் புரட்டிப் போட்டாள். மேலே மஞ்சளும் குங்குமமும். அடியில் கன்னங்கரேல் என்று அடுப்புக்கரி.

"நெல்லு அவிச்ச அடுப்புக் கல்லு, மூணும்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் மகள் சுமலதாவுக்கு இதே கம்பெனியில் வேலை கிடைத்தது. ஹைவேஸ் வரைக்கும் தனியாக நடக்க விடமாட்டேன் என்று குப்புராஜ் மறுத்து, அந்த வருடமே கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் ஹைவேஸில் பாலம் வேலை நடந்ததால் கம்பெனி பஸ் இந்த வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லிக் கங்கம்மா கையைக் காட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ஆர்டர் இல்லை என்று டிரைவர் போய்விட்டார். ஆனால் அதே டிரைவர் வழியில் எந்த அம்மன் இருந்தாலும் வண்டியை நிறுத்திக் கும்பிடுவதை அவள் கவனித்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தன் வீட்டு அடுப்பைப் பிரித்துக் கல்லை இங்கே கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் பஸ் நின்றது. நாலு பெண்கள் ஏறினார்கள். பாலம் வேலை முடிந்த பிறகும் சாமியைத் தாண்டிப் போக டிரைவருக்கு மனம் வரவில்லை.

துளசிராமனுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. கல்லைக் காட்டி, இது யார் என்று ஏறுகிற பெண்ணைக் கேட்டார். கங்கம்மா என்றாள் அவள். அவள் சொன்னது கல்லை வைத்தவள் பெயரை. அந்தப் பெண் இளமதி. இப்போது அவள் தலை குனிந்து நின்றாள்.

"இன்னாடி இது, சாமி குத்தம் ஆவும்டி," என்றார் குப்புராஜ்.

"ஆச்சின்னா எனக்கு ஆவட்டும். பதினோரு வருசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒருபொழுது இருந்து, மஞ்ச பூசி, மன்னிப்புக் கேட்டுக்கினுதான் கீறேன்." பிறகு பரத்தைப் பார்த்தாள். "கல்ல எடுத்துக்கினு போ நைனா. பஸ்ஸ இங்க உட்டுடு."

பரத் துளசிராமனிடம் திரும்பி, இத்தனை வருடம் உங்களை ஏமாற்றியிருக்கிறார்களே, கோபம் வரவில்லையா என்றார்.

வந்தது. காது சூடாகிற அளவுக்கு வந்தது. அடுப்புக்கரியைக் கும்பிட்டிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் எதிரில் நாற்பத்தோரு பேர். அதில் ஒருத்தி தம்பியைப் படிக்கவைக்கிறாள், ஒருத்தி வீட்டுக்குக் கக்கூஸ் கட்டினாள், ஒருத்தி குடிகாரப் புருஷனை விட்டுவிட்டுக் குழந்தையோடு நிமிர்ந்து நிற்கிறாள். எல்லாக் கதையும் அவருக்குப் பின்சீட்டுப் பேச்சில் தெரியும். இதெல்லாம் தெய்வத்தின் வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். எட்டாவது வரை படித்த ஒரு பொம்பளை, தன் மகளுக்குக் கிடைக்காததை மற்ற பெண்களுக்கு மூன்று கல்லில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஏமாந்தது நானு சார். வண்டிய நிறுத்துனதுல தப்பு ஒண்ணுமில்ல," என்றார். "ஹைவேஸ்லதான் நிறுத்தணும்னா வேற டிரைவரப் பாத்துக்குங்க."

பரத் வரிசையை ஒரு முறை எண்ணினார், இன்னொரு முறை எண்ணினார். பிறகு தள்ளிப் போய் யாரிடமோ நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்து, ஸ்டாப் இங்கேயே இருக்கட்டும் என்றார். கம்பெனியின் ஸ்டாப் பட்டியலில் இருந்த 'கங்கம்மா கோயில்' என்பதில் கோயிலை மட்டும் அடித்தார்.

ஆம்பளைகள் விடுவார்களா? அடுப்புக் கல்லானால் என்ன, பதினோரு வருடம் கும்பிட்ட கல் என்று ஞாயிற்றுக்கிழமையே டிராக்டரில் ஏற்றி ஹைவேஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோயில் அங்கே வரப்போகிறது.

திங்கட்கிழமை ஆறரைக்கு பஸ் வந்து நின்றது. வேப்பமரத்தடியில் மூன்று பள்ளம் மட்டும் இருந்தது. பழக்கதோஷத்தில் துளசிராமன் இறங்கி, செருப்பைக் கழற்றி, சூடத்தைக் கையில் எடுத்துவிட்டார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வயலில் கங்கம்மா முதுகைக் காட்டிக் களை பறித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார். பெண்கள் ஏறி முடித்த பிறகும் அப்படியே நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"இன்னா தம்பி, அதான் சாமி இல்லேன்னு சொல்லிட்டனே. ஏறி வண்டிய எடு, பொண்ணுங்களுக்கு டைம் ஆவுது."