பிள்ளைக் காம்பரா பாலும் ராணியம்மாவும்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் செல்வியின் மகள் ஷாலு பிள்ளைக் காம்பராவில் இல்லை. மூன்றரை வயதுப் பிள்ளை. வெளியே நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். கீழே மழையில் பெருகி ஓடும் ஆறு. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளை அந்தக் காம்பராவில் என்னிடம்தான் விட்டுப் போகிறார்கள். ஆயா நான். பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

அன்று ராணியம்மா செய்த உதவி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சாட்சி சொல்லத்தான் இந்தத் திருநாளில் என்னைக் கூப்பிட்டீர்கள். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான். மீதியை நான் முழுங்கிவிட்டேன்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் ராணியம்மா என்று கூப்பிடுவது புனித மார்கரெட்டை. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்கொட்லாந்தின் ராணி, இன்று அந்த நாட்டுக்கே பாதுகாவலி. இந்தக் கோயிலில் இருக்கும் அவர் படம் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி கொண்டுவந்து மாட்டியது. அந்த ராணி தினமும் ஒன்பது அநாதைப் பிள்ளைகளுக்குத் தன் கையால் ஊட்டுவாராம். அதனால் நம் திருநாளிலும் ஒன்பது பிள்ளைகளுக்கு ஊட்டிய பிறகுதான் பெரியவர்கள் சாப்பிடுகிறோம். வருடா வருடம் ஊட்டியது நான். என்ன துணிச்சல் எனக்கு! இன்று காலை ஏன் ஊட்ட வரவில்லை என்று கேட்டீர்களே, கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு வந்த பால்மாவை நான் திருடினேன்.

என் வீட்டுக்காரர் சயரோகத்தில் படுத்தபோது ஆரம்பித்தது. அவர் தேறி வேலைக்குப் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. பால் டீ ருசி விடவில்லை, வேறொன்றும் இல்லை. பிள்ளைகளின் பாலில் தண்ணீரைக் கூட்டினேன். தெரியாமலிருக்கச் சீனியை அள்ளிப் போட்டேன். அதுகளும் சப்புக்கொட்டிக் குடித்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் பிள்ளைகள் தூங்கியதும் பால்மாவைத் துவாயில் சுற்றிக்கொண்டு லயத்திலுள்ள என் வீட்டுக்கு ஓடினேன். ஐந்து நிமிடம்தான். கதவுக்குக் கொண்டி போடவில்லை. திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஷாலு படுத்திருந்த பாய் வெறுமையாக இருக்கிறது.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினேன். கத்தினேன். பதில் இல்லை. அப்போது ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ராணியம்மா, நான் வீட்டுக்குப் போனது யாருக்கும் தெரியக்கூடாது." பிள்ளைக்காக இல்லை, எனக்காக!

ஆற்றுச் சத்தம் காதில் விழுந்ததும்தான் புத்தி வந்தது. சேற்றில் முழங்காலில் விழுந்தேன். "தாயே, புள்ளையக் காட்டிக் குடுங்க. எல்லாத்தையும் நானே சொல்லிடுறேன்" என்று கதறினேன்.

எழுந்தபோது கீழே கொஞ்சம் பனி விலகியது. ஒரு சிவப்புச் சுவெட்டர். மரப்பாலத்தின் ஓரத்தில், தண்ணீருக்கு நேர் மேலே, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிய கையோடு பனி மறுபடியும் மூடிக்கொண்டது. அது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

கொழுந்தெடுத்த மலையிலிருந்து ஓடிவந்த செல்வி என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க இல்லாட்டி எம்புள்ள போயிருக்குமே!" என்று அழுதாள். நான் என்ன சொன்னேன்? "வேறொரு புள்ள வாந்தி எடுத்துச்சு, அதைப் பாக்குறதுக்குள்ள இவ வெளிய போயிட்டா" என்றேன். நாக்குக் கூசவில்லை. அடுத்த ஞாயிறு இதே கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

அதன்பின் ஒரு கரண்டி பால்மாவைக்கூட நான் தொடவில்லை. ஆனால் வாக்கு வாக்குத்தானே? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பாதர், "ஆண்டவர் மன்னிப்பாரும்மா. அந்தத் தாய்மார் கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். அதற்கும் பல மாதம் சாக்குச் சொன்னேன். போன கிழமை ஷாலு பால் குடித்துவிட்டு, "ஆயா, இப்பல்லாம் பால் தண்ணியா இல்ல" என்றாள். பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வேலை இருக்குமோ போகுமோ தெரியாது. நெஞ்சு பாரம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ராணியம்மாவை நம்புங்கள். இந்தத் திருடி கேட்டதையே ஆண்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர், நீங்கள் கேட்டால் சேர்க்கமாட்டாரா? ஆனால் என்னைப் போல வாக்குக் கொடுத்துவிட்டு அவரைக் காக்க வைக்காதீர்கள்.

செல்வி, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இவ்வளவையும் சொன்னேன். உன் பிள்ளையின் பாலைக் குடித்தவள் நான். திட்ட வேண்டுமென்றால் இங்கேயே, எல்லோர் முன்னாலும் திட்டு தாயி. நான் நிற்கிறேன்.