வயர் அறுந்த துடுப்பு

ஈரத் துடுப்பின் பிடியில் காதை வைத்தால் முதலில் குளிர்தான் தெரியும். பிறகு தண்ணீர் மரத்தில் மோதுகிற சத்தம். பொறுமையாக இருந்தால் மீன் பாடுவதும் கேட்கும் என்பார்கள். துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் இறக்கி மறுநுனியில் காதை வைப்பதுதான் எங்கள் மட்டக்களப்பில் அந்தப் பாட்டைக் கேட்கிற முறை. அந்த முறையை வைத்தே என் மச்சாள் ஒரு பின்னேரம் ஊரைக் கலங்க வைத்தாள்.

மச்சாள் என் மாமாவின் மகள், சித்திரம் படித்தவள். அவளும் கூட்டாளிகள் சிலரும் ஒரு கலைக் குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். ஏணி பிடிக்கவும் தேநீர் வாங்கவும் நான் போவேன். நிலவையும் தோணியையும் வரைகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “வடிவா இருக்கு எண்டு ஒருத்தன் சொன்னா அந்தப் படத்தக் கிழிச்சிப் போடுவன்” என்பாள். கிழித்தும் இருக்கிறாள். காரணமில்லாத கோபம் இல்லை அது. யுத்த காலத்தில் ஒரு நாள் சைக்கிளில் ரவுண் கடைவீதிக்குப் போன அவளுடைய தம்பி திரும்பவே இல்லை. பழுகாமத்தில் இருந்த அவர்கள் வீட்டில் அவளுடைய அம்மா, என் மாமி, ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரத்தில் முற்றத்தில் இறங்கி, “மனே, வா மனே, சோறு ஆறுது” என்று கூப்பிடுவா. ஊரோ அவனைப் போன்றவர்களைப் பற்றி மூச்சு விடாமல், மீன் பாடுகிற ஊர் என்று பலகை நட்டுக்கொண்டிருந்தது.

வாவிக் கரையில் மீன் பாட்டுக்கு விழா எடுத்தார்கள். அனுமதி கேட்காமலே மச்சாளின் குழு தோணித்துறையின் ஓரத்தில் துடுப்புகளை வரிசையாக நட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் பொலித்தீன் சுற்றிய சின்ன ஸ்பீக்கர். வயர் கரையில் இருந்த பற்றரிக்குப் போனது. மாமியின் குரலை அவவுக்கே தெரியாமல் மச்சாள் பதிவு செய்து வைத்திருந்தாள். சனம் சிரித்துக்கொண்டே காதை வைத்தது. மீனுக்குப் பதிலாக, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தாய் மகனைச் சோற்றுக்குக் கூப்பிட்டாள். சிரிப்பு ஒவ்வொரு முகமாக நின்றதை நான் பார்த்தேன். ஒரு பெண் துடுப்பைக் கட்டிப்பிடித்து அழுதாள். விழாக்காரர் ஒருவர், “ஊர்ர மானத்த வாங்கிறீங்களா?” என்று கத்தி, வயர்களைப் பிடுங்கி எறிந்தார். மச்சாளின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நினைத்தது நடந்துவிட்டதே!

அப்போதுதான் கோயில் பெண்களோடு விழா பார்க்க வந்திருந்த மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தா. கடைசித் துடுப்பில் காதை வைத்தா.

“அம்மா, அதுக்குள்ள ஒண்டுமில்ல. வயரப் புடுங்கிட்டாங்க” என்றாள் மச்சாள்.

மாமி சத்தம் போடாதே என்று கையைக் காட்டினா. எவ்வளவு நேரம் அப்படி நின்றாவோ. நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. “வாறன் எண்டு சொல்றான் புள்ள.”

மச்சாள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாமி போன பிறகு அதே துடுப்பில் நானும் காதை வைத்தேன். தண்ணீர்ச் சத்தம்தான். பிறகு மச்சாள் வைத்தாள். விலகி வந்தவளிடம் என்ன கேட்டது என்று கேட்டேன். அவள் மற்றத் துடுப்புகளை மட்டும் பிடுங்கத் தொடங்கினாள். அவளுடைய கை மயிர் சிலிர்த்து நின்றது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடவேண்டும் போலிருந்தது.

அன்றிலிருந்து மாமி கூப்பிடுவதை விட்டுவிட்டா. வருகிறேன் என்று சொன்னவனை ஏன் கூப்பிட வேண்டும்? சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்திருந்தா. மச்சாள் அதன் பிறகு எதையும் வரையவில்லை, செய்யவில்லை. குழுவும் கலைந்தது. ஊரைச் சுடுவதற்கு மச்சாள் எடுத்த நெருப்பு அவளுடைய அம்மாவின் கையில் விளக்காகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அவளுக்குக் குற்ற உணர்வு என்றும் நினைத்தேன்.

மாமி போன வருடம் இறந்துபோனா. இப்போது மச்சாள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். பொழுதுபட்டதும், பெண் தனியாக இருக்கிற வீடாயிற்றே என்று வாசல் படலையைப் பூட்டப் போனேன். குசினி அடுப்படியில் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

“பூட்டாத கா. தம்பி இன்னும் வரல்ல.”