தானே அள்ளிய தண்ணீர்

எங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியை ஒருநாள் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அறுபதுகளில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கறுப்பின இளைஞர் அமைப்பைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை. சில வரிகள் விளங்கவில்லையாம். அதிலிருந்த, ஒரு கையில் துப்பாக்கியோடு நிற்கும் இளைஞனின் படத்தை எனக்குத் தெரியும். பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் அதற்கு ‘ஆயுதக் குழு’ என்று விளக்கம் எழுதி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

“ஆயுதக்காரர்” என்றேன். போரைக் கண்ட எங்கள் தீவில் இதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அவர் கேட்டார்.

“துவக்கை விடுங்கோ ஐயா. மற்றக் கையில என்ன இருக்கு?”

சட்டப் புத்தகம்.

சேர்ந்து வாசித்தோம். பொலிஸ் வாகனத்தின் பின்னால் போவார்கள். யாரையாவது மறித்தால் இறங்கி, சட்டம் அனுமதித்த தூரத்தில் நின்று, பிடிபட்டவருக்குக் கேட்கும்படி அவருடைய உரிமையை உரத்து வாசிப்பார்கள். கை வைக்கமாட்டார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவார்கள். சட்டத்தின் எழுத்தில் தங்களுக்கு உள்ள உரிமையை யாரும் தரும்வரை காத்திருக்கக்கூடாது, எல்லோரும் பார்க்க எடுக்கவேண்டும் என்று நம்பினார்கள். துவக்கை நான் இன்றும் ஏற்கவில்லை. அவர்களிலும் பலர் சுடப்பட்டே இறந்தார்கள். ஆனால் அந்த ஒழுங்கு என்னை அசைத்தது.

ஆசிரியைக்கு அது வெறும் வாசிப்பு அல்ல. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அவருடைய சாதியினர் அதைத் தொடக்கூடாது என்று ஒரு காலம் இருந்தது. இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களில் ஒருவர் வந்தால் எங்கள் ஆட்களில் ஒருவர் முந்திப்போய்க் கயிற்றைப் பிடிப்பார். “பொறும், நான் அள்ளித் தாறன்.” பார்த்தால் உபகாரம். கயிறு மட்டும் அவர்கள் கைக்கு வராது. அள்ளித் தர ஆளில்லாத காலைகளில் ஆசிரியை வெறும் தண்ணீர்க் கானோடு நிற்பார். முன்பள்ளியில் இலைக்கஞ்சி பிந்தும், அல்லது இல்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் காலைச் சாப்பாடு.

அவர் இரண்டு முறை பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போய், அது பொதுக்கிணறு, எவரும் அள்ளலாம் என்று பிரதேச சபையிடம் கடிதம் வாங்கினார். பிறகு என்னையும் இரண்டு தாய்மாரையும் கூப்பிட்டார். தெருவோரப் பூவரசடியில் நின்று பார்க்கவேண்டும். கிட்ட வரக்கூடாது, பேசக்கூடாது.

“நீங்கள் வாய் திறந்தா ஐயா, அது உங்கட கதையாப் போயிடும்.”

காலை ஆறரைக்கு அவர் வந்தபோது கிணற்றடியில் என் மச்சாள், மனைவியின் அக்கா, நின்றார். வழமைபோல் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

“விடும் ரீச்சர், நான் அள்ளித் தாறன்.”

“வேண்டாம் அக்கா.” கடிதத்தை விரித்து, பிள்ளைகளின் பெயர்களை இடாப்பில் பார்த்துக் கூப்பிடும் குரலில் முழுவதையும் வாசித்தார். மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

“இதுக்கேன் கடிதம்? இஞ்ச ஆர் உம்மை மறிச்சது? உதவிதானே செய்யிறன்.”

“ஓம், உதவிதான். அப்ப இண்டைக்கு நான் செய்யிறன். உங்கட குடத்தைத் தாங்கோ.”

மச்சாள் குடத்தை இடுப்போடு இறுக்கினார். “எனக்குக் கை இருக்கு.”

“எனக்கும் இருக்கு, அக்கா.”

தாய்மாரில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். மச்சாள் என்னைப் பார்த்தார். சமாதானமாக ஏதாவது சொல்ல நா எழும்பியது. அடக்கிக்கொண்டேன். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. நாலு வாளியில் கான் நிறைந்தது.

மச்சாள் வெறுங்குடத்தோடு என்னைக் கடந்து போனார். “நீரும் பாத்துக்கொண்டு நிண்டனீர், என்ன?”

“ஓம்” என்றேன்.

அன்று பிள்ளைகள் வரும்போது கஞ்சி ஆற வைக்கப்பட்டிருந்தது. மச்சாள் மூன்று நாள் கிணற்றடிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தார். ஆசிரியை அள்ளி முடியும்வரை தள்ளி நின்றார். பிறகு அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்.