மொட்டைமாடியில் கட்டிய கயிறு

வானிலை அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஒற்றை அறை. காவலாளியும் அவர் மனைவியும் அதில் குடியிருந்தார்கள். அறைக்கு எதிரே இரும்புக் காலில் ஒரு வெள்ளைப் பெட்டி. பலூன் எதுவும் விடாமல், காற்றிலிருந்து வரும் மெல்லிய அலைகளை வாங்கியே, எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது சொல்லிவிடும். இதை வருவோர் போவோரிடமெல்லாம் அளந்துவிட்டதில் காவலாளிக்குப் ‘பாதி இன்ஜினியர்’ என்று பேர் விழுந்திருந்தது.

மழைக்காலத்தில் துணி காயாமல் நாறியபோது, பெட்டிக்கு எதிரே கயிறு கட்டியவர் அவர்தான். மனைவி தயங்கினாள்.

“அட, அது ஆகாசத்தப் பாக்குற பெட்டி. உன் பாவாடையவா பாக்கப்போகுது?”

அந்த வாரம் முழுக்கக் காலை வேளைகளில் பெட்டி தாறுமாறாக ஈரம் காட்டியது. பழுதா என்று பார்க்கப் பெண் அதிகாரி ஓர் இன்ஜினியரோடு மேலே வந்தார். எதிரே சொட்டச் சொட்ட ஒரு போர்வை, ஓட்டை பனியன்கள், ஒட்டுப்போட்ட உள்பாவாடை.

“ஈரம் எங்கேருந்து வருதுன்னு இப்பல்ல தெரியுது!” இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இது மேல மட்டும் பாக்காது. சாஞ்சு சாஞ்சு அடிவானம் வரைக்கும் பாக்கும்,” என்றார் அதிகாரி. “கயிறு யாரு கட்டினது?”

வேலை போனால் அறையும் போகும். காவலாளியின் வாய் முந்திக்கொண்டது.

“இவதாங்க மேடம். எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது.”

மனைவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆமாங்கம்மா. அவரு சொன்னாரு, நான்தான் கேக்கல,” என்றபடி முதலில் உள்பாவாடையை உருவிச் சுருட்டிக்கொண்டாள்.

“தெரியாமத்தானே செஞ்சீங்க. கீழ பின்பக்கம் கட்டிக்கங்க.”

அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அந்த நினைப்பு அன்று ராத்திரி காவலாளிக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. மனைவி எப்போதும்போல ரசம் ஊற்றினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் துணி வாளியை அவரே தூக்கினார்.

“குடுங்க, கீழ எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டும்.”

அதிகாரியைக் கண்டதும் சொல்லிவிடுவது என்றுதான் படியிறங்கினார். பின்பக்கம் மனைவியின் பாவாடையை அவர் உதறும்போதே அதிகாரி வந்துவிட்டார்.

“என்ன, இன்னைக்கு உங்க டியூட்டியா?”

“அது வந்து மேடம்... அந்தக் கயிறு...” பாவாடையைக் கயிற்றில் போட்டார். “அவளுக்கு முதுகுவலி மேடம்.”

“நல்ல மனுஷன்!” என்று சிரித்துவிட்டு அதிகாரி நகர்ந்தார்.

திரும்பினால், பின்னால் மனைவி கிளிப் டப்பாவோடு நின்றிருந்தாள்.

“மறந்துட்டு வந்துட்டீங்க,” என்று நீட்டினாள்.

வாங்க அவருக்குக் கை எழவில்லை.