புகைக்கு மேலே ஒரு பாறை

எனக்கு வயது எழுபத்து நாலு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. ஆனாலும் ஈரக்கரி புகையும் வாசனை மூக்கில் ஏறினால் போதும், பட்டாள ஊரான போலாரத்தில் எங்கள் வரிசை வீடுகளும், மார்கழி விடியலில் வாசல்தோறும் புகைந்த "சிக்டி" அடுப்புகளும், சின்னத் தம்பி கண்ணனின் மூச்சிழுப்பும் ஒன்றாக வந்து நிற்கும்.

பெரியப்பா பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தா. துரைமார் விடியலில் குதிரையேறிப் போவதைப் பார்த்துப் பார்த்து, அந்தக் காற்றுக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று முடிவு கட்டியவர். "நெஞ்சைத் தொறந்து இழுடா, எல்லாம் சரியாயிடும்" என்று தம்பியைத் தினமும் ஏரிக்கரைப் பள்ளத்துக்கு நடத்திப் போவார். குல்லா, மஃப்ளர், கைத்தடி எல்லாம் இருந்தது அவருக்கு, எதிரில் இருப்பதைப் பார்க்கிற கண்தான் இல்லை. ஊர்ப்புகை முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் தோசைமாவு மாதிரி பரவிக் கிடக்கும்.

ஒருநாள் பையன் உதடு நீலம் பாரித்துத் திரும்பினான். பெரியப்பாவோ, "இன்னும் கொஞ்சம் நடந்திருக்கணும்" என்றார். அதுவரை அவர் எதிரில் வாய் திறக்காத அம்மா, "ஹவ், ஆமாம், அப்படியே சுடுகாடு வரைக்கும் நடந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த பெரும்பாறையில் ஏறினாள். அதன் உச்சி மட்டும் புகைக்கு வெளியே நிற்பதை அவள் தினமும் பார்த்திருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். "மேலே குளிர் கொன்னுடும், நக்கோ நக்கோ, வேண்டாம்!" என்று கீழே நின்று கத்தினார் பெரியப்பா.

ஏற ஏறக் குளிர் குறைந்தது. உச்சியில் கதகதப்பு, கீழே எங்கள் வீட்டு ஓடுகூடத் தெரியாமல் புகை. தம்பியின் இழுப்பு மெல்லத் தணிந்து மூச்சு சீரானது.

மேகமில்லாத குளிர்கால இரவில் தரை தன் சூட்டையெல்லாம் விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகிறது; அதை ஒட்டிய காற்றும் சில்லிட்டுக் கனத்துப் பள்ளம் பார்த்துத் தேங்குகிறது; சூடான காற்று அதன்மேல் பானைமூடி மாதிரி உட்கார்ந்துகொண்டால் புகைக்குப் போக வழி ஏது? வெயில் ஏறித் தரை சுட்டால்தான் அந்த மூடி திறக்கும். பேத்தியின் பாடப்புத்தகத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கிறதாம். பெயர் தெரியாமலே அம்மா அந்தக் குளிர்காலம் முழுக்க, வெயில் வரும்வரை தம்பியோடு பாறைமேல் உட்கார்ந்தாள். பெரியப்பா ஒரு தரம்கூட ஏறிப் பார்க்கவில்லை. ஏறினால் தெரிந்துவிடுமே!

அந்தப் பாறையை வெடிவைத்து உடைத்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். சிக்டியும் போயிற்று. பெரியப்பாமார் மட்டும் போகவில்லை. ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லுகிற என் மகன், இப்போது நாங்கள் இருக்கும் மாரெட்பள்ளித் தெருவெல்லாம் குப்பை புகையும் டிசம்பர் விடியலில், பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு, இழுப்புள்ள தன் மகளை "ஃப்ரெஷ் ஏர்" வாங்க அழைத்துப் போகிறான். சொன்னால், "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்கிறான். அதனால்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதி வைத்தேன்.

இதோ, ஷூ கட்ட உட்கார்ந்துவிட்டான். ஏண்டி ராஜி, இங்கே வா, இதைப் படி. மெதுவாகவே படி, ஆனால் உங்கப்பன் காதில் விழட்டும். நடுவில் மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள். அதையும் அவன் கேட்கட்டும்.